நாற்பத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

மூன்று நாள் கட்டிலில் படுத்த வாக்கில் அந்த ஆள் நாற்பது வருடம் பெஞ்சில் உட்காரப் போகிறான் என்று பேப்பரில் போட்டிருந்தது. மீன் மடிக்க வைத்திருந்த, பதினான்கு நாள் பழைய பேப்பர்தான். மேலே இருந்த இறாலைக் கூடையில் கொட்டிவிட்டு, ஈரத்தைத் துடைத்து, இரண்டு தரம் படித்தேன். துணைத் தாசில்தார் குலோத்துங்கன். போட்டோவில் அதே வழுக்கை, சட்டைப் பையில் அதே மடித்த கைக்குட்டை.

அவனைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவள் நான். பெயர் அமராவதி. அழுகின திருக்கையைக் கையால் அள்ளிக் கொட்டுவேன், முகம் சுளிக்க மாட்டேன். எனக்கே குமட்டுகிறது என்றால் அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் லஞ்சம் வாங்கி மாட்டினவனை என்ன செய்தார்கள்? சஸ்பெண்ட் செய்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பாதிச் சம்பளம் வாங்கித் தின்றான். கேஸ் பத்து வருடம் இழுத்தது. எங்கள் ஊர் சர்வேயர் ஒருத்தன் இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு, கொஞ்சம் நிறம் ஏறி, தொப்பை போட்டு வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டு முன்னால் வெடி வெடித்தார்கள். அவன் கழுத்தில் கிடந்த மாலை எங்கள் தெருப் பூக்காரியிடம் ஓசியில் வாங்கினது. த்தூ!

அதனால்தான் புதுச் சட்டம் வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அரசு வேலையில் இருந்துகொண்டு காசுக்காக ஜனங்களை எத்தனை நேரம் காக்க வைத்தானோ, அத்தனை நேரத்தையும் அவன் அனுபவிக்க வேண்டும். ஜெயிலில் அல்ல, மண்டைக்குள். பேப்பரின் கடைசி வரியில், இன்னும் யாராவது பாதிக்கப்பட்டிருந்தால் பதினைந்து நாளுக்குள் வந்து பதிவு செய்யலாம் என்று போட்டிருந்தது. மறுநாள்தான் கடைசி நாள். கடையை மூடிவிட்டுக் கிளம்பினேன். என் மகள் தமயந்தியும் கூட வந்தாள். இறால் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத்தான் வந்தாள். ஐஸில் வெந்துபோன அந்த விரல்களைப் பஸ்ஸில் வரும்போது முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவள் இறால் உரிக்கப் பிறந்தவள் இல்லை. நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள். ஒன்பது வருடம் முன்னால் என் புருஷன் கலியமூர்த்தி ஃபைபர் படகில் போனவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கடலில் காணாமல் போனவரின் குடும்பம் என்று தாலுகா ஆபீசில் ஒரு சான்று கொடுத்தால் போதும், அவள் படிப்புச் செலவு முழுக்கச் சர்க்கார் கட்டும். அந்த ஒரு தாளுக்குக் குலோத்துங்கன் பதினைந்தாயிரம் கேட்டான். நேரடியாகக் கேட்கவில்லை. அவன் எதையும் நேரடியாகக் கேட்கமாட்டான். வாசலில் இருந்த பியூன் வீராசாமி சொன்னான்.

"குடுத்துடும்மா, தலைமுழுகிடுவோம்" என்று தமயந்தி கெஞ்சினாள். நான் கொடுக்கவில்லை. கடல் தின்ன மனுஷனுக்கு விலை பேசி இவனிடம் கொடுப்பதா? பதினோரு மாதம் நடந்தேன். தாள் வரவில்லை. காலேஜில் பெயரை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் என்னிடம் அளந்துதான் பேசுவாள். நானும், "உங்கம்மா ஒத்தப் பைசா லஞ்சம் குடுக்காதவ" என்று ஒன்பது வருடமாக அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அதைச் சொல்லுவேன்.

பதிவு மையம் மாவட்டத் தலைநகரில் புதுக் கட்டடம். உள்ளே போனால் தாலுகா ஆபீசில் இருந்த அதே இரும்பு பெஞ்சு. அதே டோக்கன். லஞ்சத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த எங்களை நாலரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கக்கூஸ் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால், சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தமயந்தி சிரிக்கவில்லை.

உள்ளே கூப்பிட்ட பெண் பர்வீன். இருபத்தெட்டு வயதிருக்கும். நல்ல பெண். நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.

"தலையில இந்தத் தொப்பிய மாட்டுவேம்மா. வலிக்காது. அந்த நாளையெல்லாம் நெனச்சுக்கங்க. நீங்க காத்திருந்தது மட்டும் இதுல ஏறும்."

"அப்பறம்?"

"அப்பறம் அவர் தலையில ஓட்டுவோம். ஒரு மணி நேரம் ஓடினா அவருக்கு ஏழு மாசம் போன மாதிரி இருக்கும். ஆயிரத்து முந்நூறு பேரோட காத்திருப்பு. ஒவ்வொண்ணுலயும் அவர்தான் பெஞ்சுல உக்காந்திருப்பாரு. தான் ஆபீசர்ங்கறதே அவருக்கு ஞாபகம் இருக்காது."

"அவன் எழுந்து ஓடிட்டான்னா?"

"நீங்க எழுந்து ஓடினீங்களா?"

தொப்பியை மாட்டினாள்.

என்னத்தைச் சொல்ல! ஒன்பது வருடம் முன்னால் நடந்தது நேற்று மாதிரி வந்தது. ஐயா மீட்டிங்கில் இருக்கிறார். ஐயா காம்ப் போயிருக்கிறார். ஐயா இப்பத்தான் சாப்பிட உட்கார்ந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு நான் உள்ளே போய் நின்றதும் அந்தக் கைக்குட்டை மூக்குக்குப் போகும். "யாருய்யா இத உள்ள விட்டது? நாறுது. வெளிய நிக்கச் சொல்லு." அடுத்த தரம் மஞ்சள் பூசி, எதிர்வீட்டில் வாசனை சோப்பு கடன் வாங்கித் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். அப்போதும் கைக்குட்டை மூக்குக்குத்தான் போனது. அதற்கப்புறம் நானாகவே இரண்டு கை தூரம் தள்ளி நின்று பேசப் பழகினேன். பஸ்ஸில்கூட ஜன்னலோரம்தான் உட்காருவேன். யாரும் பார்க்காதபோது விரல்களை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

தொப்பியைக் கழற்றியபோது என் ரவிக்கை நனைந்திருந்தது. பர்வீன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க ஆபீஸ் வாசல்ல மட்டும் காத்திருக்கல. மீன் வெட்டும்போதும், தூங்கும்போதும் காத்துக்கிட்டேதான் இருந்திருக்கீங்க. பதினோரு மாசமும் முழுசா ஏறியிருக்கு. ஆனா இதுல இன்னொண்ணும் கலந்திருக்கு. காலடிச் சத்தம் கேட்டா வாசலப் பாக்கறீங்க. யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அதப் பிரிச்சு எடுக்க முடியாதும்மா."

"போகட்டும், சேத்தே குடு. அனுபவிக்கட்டும்."

அவள் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒரு சிக்கல் இருக்கும்மா. நீங்க பணம் குடுக்கல இல்ல?"

"ஒத்தப் பைசா குடுக்கல" என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்ப உங்களோடத சேக்க முடியாது."

"ஏன்?"

"சட்டம் அப்படி. லஞ்சம் வாங்கினதுதான் குத்தம். குடுத்தவங்க காத்திருந்தது குத்தத்தோட சேரும். குடுக்காதவங்க காத்திருந்தது வெறும் தாமதம். தாமதத்துக்குத் தண்டன கெடையாதும்மா."

பணம் கொடுத்து மூன்று நாளில் வேலையை முடித்துக்கொண்டவனின் மூன்று நாள் எண்ணிக்கையில் வருமாம். கொடுக்காமல் பதினோரு மாதம் நாயாய் அலைந்தவளுடையது வராதாம். இந்தச் சட்டத்தை எழுதினவன் வாயில் அழுகின நண்டைத் திணிக்க வேண்டும்! கத்தினேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தமயந்தி மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பர்வீன் என் கத்தலை முழுக்கக் கேட்டுவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் படம் எதுவும் இல்லை, கோடு கோடாய் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உங்க பயம் கொறையுது, பாத்தீங்களா? நம்பிக்க வருது. ஞாயித்துக்கெழம காலைல. அன்னிக்கு ஆபீஸ் கெடையாதே. என்ன நடக்கும் அப்ப?"

யோசித்தேன். "வீராசாமி வருவான்."

"எதுக்கு?"

"மீனுக்கு. ஐயா வீட்டுக்கு வஞ்சிரம் வேணும்பான். நடுத்துண்டமா வெட்டிக் குடுப்பேன்."

"காசு?"

"அட, ஆபீசர் வீட்டுக்குப் போற மீனுக்கு எப்படி பாப்பா காசு கேக்கறது?"

அந்த மிஷின் மட்டும் லேசாக இரைந்துகொண்டிருந்தது.

"எத்தன ஞாயித்துக்கெழம?" பர்வீன் மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அவளே திரையில் எண்ணினாள். "நாப்பத்தி மூணு. மீன்பிடித் தடைக்காலத்துல கூடவா? அப்ப கடலுக்கே போக மாட்டாங்களே."

"கேரளா லாரில வரும். அதுல வாங்கிக் குடுத்தேன்."

"காசு போட்டு வாங்கி, சும்மா குடுத்தீங்க."

"அது மரியாதம்மா. லஞ்சம் இல்ல. அவன் நாறுதுன்னு மூக்கப் பொத்தினான் இல்ல, அதே கையிலதான் வெட்டிக் குடுத்தேன். அத அவன் தின்னான். அது எப்படி லஞ்சமாவும்?"

எனக்கே என் குரல் கேவலமாக இருந்தது. பர்வீன் ஒரு தாளை எடுத்து வைத்தாள். 'நான் இன்ன அதிகாரிக்கு லஞ்சமாக' என்று போட்டு ஒரு கோடு. "இங்க வஞ்சிர மீன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க பதினோரு மாசமும் சேந்துடும். கடைசியா உங்களோடதுதான் ஓடும். போடலன்னா கட்டாயம் இல்லம்மா."

அப்போதுதான் தமயந்தி வாயைத் திறந்தாள்.

"நாப்பத்தி மூணு வாரம் வஞ்சிரம் குடுத்தியா? அந்த மீன வித்திருந்தாலே பதினஞ்சாயிரத்துக்கு மேல வந்திருக்குமேம்மா. காசாவும் குடுக்கல, குடுக்காமயும் இருக்கல. நடுவுல எம் படிப்பு போச்சு. இதத்தான் ஒம்போது வருஷமா எங்கிட்ட பெருமையாச் சொல்லிட்டு இருந்தியா?"

கத்தவில்லை அவள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் போன பிறகு என் கையை முகர்ந்து பார்த்தேன். குலோத்துங்கன் மேல் வந்த அருவருப்பு இப்போது என் மேலேயே வந்தது. தினமும் அவனை வைதுகொண்டே, ஞாயிற்றுக்கிழமையானால் அவன் வீட்டுக்குச் செதில் நீக்கி அனுப்பியிருக்கிறேன். நல்ல துண்டமாகப் பார்த்து வேறு! சீச்சீ.

கையெழுத்துப் போட்டேன். அவனை விட எனக்கு மனமில்லை.

பத்து நாள் கழித்துத் தண்டனை நடந்தது. கடைசியாகப் பதிவு செய்தவர் நேரில் வந்து, தண்டனை நிறைவேறியது என்று கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்கு விடுதலைச் சீட்டு கொடுப்பார்களாம். அது நான்தான். தமயந்தியைக் கூப்பிட்டேன், வரவில்லை. கம்பெனிக்குப் போய்விட்டாள். போகட்டும், அவன் எந்தக் கதியில் வெளியே வருகிறான் என்று என் கண்ணால் பார்த்துவிட்டு அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவன் அழ வேண்டும். என்னைப் பார்த்ததும் கைகூப்ப வேண்டும். அப்போது என்னென்ன சொல்லித் திட்டுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பர்வீன்தான் அவனைக் கூட்டிவந்து வராந்தாவில் விட்டாள். மூன்று நாளில் முகம் வற்றியிருந்தது. அவன் வீட்டு ஆட்கள் யாரும் வரவில்லை. கையில் அவனுடைய பர்சும் வாட்சும் போட்ட ஒரு கவர். ஜன்னல் வைத்த கவுண்ட்டர் பக்கம் நடந்தவன், நாலு அடி இருக்கும்போதே நின்றான். குனிந்து செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தான். வெறுங்காலோடு வந்தான்.

என்னைப் பார்த்தான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"கலியமூர்த்தி வந்துட்டாராம்மா?"

ஒன்பது வருடத்தில் ஒரு மனுஷன்கூட அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னை மறந்து, "இல்லையே" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வாசலைப் பார்த்தான். நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்தான்.

கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட இருக்காது. லஞ்சம் ஒழிப்பதற்கென்றே தேர்வு வைத்து எடுத்த புது ஆட்கள் என்று பேப்பரில் பெருமையாகப் போட்டிருந்தார்களே, அவர்களில் ஒருத்தன். குலோத்துங்கன் கவுண்ட்டரை ஒட்டி நிற்கவில்லை. இரண்டு கை தூரம் தள்ளி நின்றான். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். முகர்ந்துவிட்டு இன்னும் ஒரு அடி பின்னால் போனான்.

"ஐயா, அந்தச் சீட்டு..."

"சர்வர் வரல" என்றான் பையன், தலையைத் தூக்காமல். "கையெழுத்துப் போடற ஐயாவும் காம்ப் போயிருக்காரு. உக்காருங்க."

குலோத்துங்கன் உட்காரவில்லை. கவருக்குள் கையை விட்டுப் பர்சை எடுத்தான். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை உருவி, நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான். அந்த மடிப்பு எனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நூறு பேர் அப்படி மடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்து முந்நூறு பேரின் காத்திருப்பும் அவனுக்கு ஓடியிருக்கிறது. ஒவ்வொன்றும் கொடுத்ததில்தான் முடிந்திருக்கிறது. கொடுத்தால் கதவு திறக்கும் என்பதை நாற்பது வருடம் அவன் மண்டைக்குள் ஓட்டியிருக்கிறார்கள். சட்டம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

பையனின் இடது கை மேசைக்குக் கீழே போய் இழுப்பறையை ஒரு விரல் அகலம் திறந்தது. பார்க்கவே ஓங்கரித்தது எனக்கு. மேலே சுவரில் 'லஞ்சம் பெற்றால் காத்திருப்புத் தண்டனை' என்று எழுதியிருக்கிறது, கீழே இழுப்பறை திறக்கிறது!

ஒரே எட்டில் போய்க் குலோத்துங்கனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"குடுக்காத."

"குடுத்துட்டா விட்டுருவாங்கம்மா" என்றான். குழந்தை மாதிரிக் கெஞ்சினான். "குடுத்துடும்மா, தலைமுழுகிடுவோம்."

தமயந்தி சொன்ன வார்த்தை. அவள் கெஞ்சினதும் என் காத்திருப்போடு சேர்ந்து அவனுக்குள் போயிருக்கிறது. என் பிடி கொஞ்சம் தளர்ந்தது. விட்டுவிடலாம், எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்து நானும் பஸ் பிடிக்கலாம்.

அப்போதுதான் அந்தப் பையன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நல்ல மரியாதையான சிரிப்பு.

"நீங்கதானே அமராவதியம்மா? உங்க பதிவ ஃபைல்ல பாத்தேன். ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க." இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினான். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா சொல்லுங்க, இப்பவே முடிச்சுத் தந்துடறேன். ஆமா, ஞாயித்துக்கெழம உங்க கடைல வஞ்சிரம் நல்லா வருமா?"

என் பதினோரு மாதத்தையும் படித்துவிட்டு, அதில் இவன் பொறுக்கி எடுத்தது அந்த மீனைத்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கவுண்ட்டரை ஒட்டிப் போய் நின்றேன். அவன் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் நின்றேன்.

"வரும் தம்பி. கிலோ ரெண்டாயிரத்து நானூறு. வெட்டுக்கூலி தனி."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. "சர்வர் இன்னிக்கு வராது. நாளைக்கு வாங்க" என்று ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினான். தமயந்தி இருந்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் தாமதமாகச் சொன்னாலும், சொன்னதை அவள் காதால் கேட்டிருக்க வேண்டும்.

குலோத்துங்கன் சாத்தின ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். மடித்த தாள் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அவனை இழுத்துக்கொண்டுபோய் இரும்பு பெஞ்சில் உட்கார வைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும், தன் நாற்றம் என் மேல் பட்டுவிடப் போகிறது என்று அவன் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தான். நான் அவன் பக்கம் நகர்ந்தேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று கேட்டான்.

"எனக்குப் பதினோரு மாசம் ஆச்சு" என்றேன். "கெடைக்கல."